வரிசையில் நின்றவர்களின் வாக்கு

(குடும்பங்களுக்கான சமூகப் பாடம்)



2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் போய்வந்தவர்கள் எவரும் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வெறும் எரிவாயு சிலிண்டர்கள் கயிற்றாலும் சங்கிலியாலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. பெற்றோலுக்குப் போன முச்சக்கர வண்டிச் சாரதிகள் வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். அந்நாட்களில் நம் வீட்டுப் பாட்டிமார் பலர் சொன்னது ஒன்றுதான்: “இதை நாங்கள் முன்னரும் பார்த்திருக்கிறோம்.” அவர்கள் நினைவில் இருந்தது 1973ஆம், 1974ஆம் ஆண்டுகள். விடியுமுன் பாணுக்கு வரிசை, சங்கக் கடையில் கூப்பன் புத்தகத்தோடு வரிசை, சீத்தைத் துணிக்கும் வரிசை.

இவ்விரண்டு வரிசைகளுக்கும் பின்னர் நாட்டு மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். ஆனால் அவர்கள் போன திசை ஒன்றல்ல. 1977இல், கட்டுப்பாடுகளை நீக்கிச் சந்தையைத் திறந்துவிடுவோம் என்றவர்களிடம் போனார்கள். 2024இல், இடதுசாரி மரபில் வளர்ந்தவர்களிடம் போனார்கள். வரிசை ஒன்றாயிருக்க, வழி இரண்டானது ஏன்? பெரிய கட்சி ஒன்றைத் தலைமுறையாக ஆதரித்தவர்கள் அதை விட்டு விலகும்போது உண்மையில் எதைத் தேடிப் போகிறார்கள்? இதுவே இவ்வாரம் நாம் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்.

இது பழங்கதை ஆராய்ச்சி அன்று. கைத்தொலைபேசியில் உலக அரசியலைப் பின்தொடரும் நம் இளைஞர் சிலர், “அரசாங்கம் எல்லாவற்றிலிருந்தும் கையை எடுத்துக்கொண்டால்தான் நாடு உருப்படும்” என்று சாப்பாட்டு மேசையில் வாதிக்கிறார்கள். “இலவசப் பாடசாலையும் இலவச ஆஸ்பத்திரியும் இல்லாவிட்டால் நீ இந்த வாதம் பேசப் படித்திருக்கவே மாட்டாய்” என்று தகப்பன் பதில் சொல்கிறார். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எந்தக் கட்சிக்கும் இங்கே வாக்குக் கேட்கவில்லை.

1. கொள்கை என்ன?

ஆங்கிலத்தில் லிபர்ட்டேரியன் என்று அழைக்கப்படுவோரின் கொள்கையைத் தமிழில் தனிமனித சுதந்திரக் கொள்கை எனலாம். ஒருவனுடைய உயிர், உழைப்பு, உடைமை ஆகியவை அவனுக்கே உரியவை. களவையும் வன்முறையையும் தடுப்பதும், ஒப்பந்தங்களை நிறைவேற்றுவிப்பதும், நாட்டைக் காப்பதுமே அரசின் வேலை. அதற்குமேல் விலை நிர்ணயிப்பது, உரிமம் வழங்குவது, கடை நடத்துவது, தொழிற்சாலை நடத்துவது எல்லாம் அரசின் அத்துமீறல் என்பதே அதன் சாரம்.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பெயரிலேயே ஒரு கட்சி 1971இல் ஆரம்பிக்கப்பட்டது. ஜனாதிபதித் தேர்தல்களில் அதற்குக் கிடைத்த மிகக் கூடிய பங்கு 2016இல் கிடைத்த ஏறத்தாழ 3 வீதமே. இக்கொள்கையின் தூய வடிவத்துக்கு வாக்களிப்போர் எங்கும் சிலரே. ஆனால் அதன் ஒரு பகுதியை ஒரு பெரிய தலைவர் அல்லது பெரிய கட்சி கையில் எடுக்கும்போது நாடே அசைகிறது. நம் அயல்நாட்டிலும் நம் நாட்டிலும் அப்படி நடந்தவற்றைப் பார்ப்போம்.

2. ராஜாஜியின் கட்சி

1955இல் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய இந்தியக் காங்கிரஸ், சோசலிசப் பாணிச் சமுதாயமே தன் இலக்கு என்று தீர்மானித்தது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடியபோது கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை ஆதரித்தது. சிறு விவசாயிக்கு இது பெரும் பயத்தைக் கொடுத்தது. தன் நிலத்தைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டு அதிகாரியின் சொற்படி உழ வேண்டி வருமோ என்று அவன் அஞ்சினான். மறுபுறத்தில், ஒரு தொழிற்சாலை ஆரம்பிக்கவும் விரிவாக்கவும் இயந்திரம் இறக்குமதி செய்யவும் டில்லியிலிருந்து உரிமம் வேண்டியிருந்தது.

இந்நிலையில் 1959ஆம் ஆண்டு, தம் 80ஆவது வயதில், சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். காந்தியடிகளின் நெருங்கிய தோழர். சுதந்திர இந்தியாவின் ஒரே இந்தியக் கவர்னர் ஜெனரல். சென்னையின் முன்னாள் முதலமைச்சர். நெடுங்காலம் காங்கிரஸ்காரராக இருந்தவர் அக்காங்கிரசுக்கு எதிராகவே எழுந்தார். அவரோடு சேர்ந்தவர்களையும் பாருங்கள். ஆந்திர விவசாயிகளின் தலைவர் என். ஜி. ரங்கா கட்சியின் முதல் தலைவரானார். மினூ மசானி, இளமையில் காங்கிரஸ் சோசலிசக் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். கே. எம். முன்ஷி மத்திய அரசில் உணவு அமைச்சராக இருந்தவர். உள்ளே இருந்து பார்த்தவர்களே வெளியே வந்தார்கள்.

உரிமம், பர்மிட், கோட்டா ஆகிய மூன்றினாலும் நடத்தப்படும் ஆட்சி என்று காங்கிரஸ் ஆட்சியை ராஜாஜி பெயரிட்டு அழைத்தார். அவருடைய வாதம் நேரானது. அனுமதி வழங்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், அனுமதி தேவைப்படுபவர் அவர் வாசலில் காத்திருப்பார். காத்திருக்க முடியாதவர் காசு கொடுப்பார். பெரிய முதலாளி அந்தக் காசைக் கட்சிக்கே கொடுத்து உரிமத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்வார். சிறியவன் வெளியே நிற்பான். ஆகவே ஏழையின் பெயரால் வந்த கட்டுப்பாடு முடிவில் பணக்காரனுக்கே வேலியாகும் என்றார். இது அவருக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1952இல் சென்னை முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கித் துணிந்து பார்த்தவர் அவர்.

1962 பொதுத்தேர்தலில் சுதந்திராக் கட்சி மக்களவையில் 18 ஆசனங்களைப் பெற்றது, 1967இல் 44. அவ்வாண்டு அது மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி. ஒரிசாவில் கூட்டாட்சிக்குத் தலைமை தாங்கியது. சென்னை மாநிலத்தில் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து சட்டமன்றத்தில் 20 ஆசனங்களைப் பெற்றது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1967இல் சென்னை மாநில மக்கள் காங்கிரசை விட்டு விலகியது உண்மை. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும், கடும் அரிசித் தட்டுப்பாடும் அவர்களை விலக்கின. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் எது? ரூபாய்க்கு ஒரு படி அரிசி தருவோம் என்று சொன்ன தி.மு.க. அரசு சந்தையில் கை வைக்கக் கூடாது என்ற கட்சியும், அரசே மலிவு விலையில் அரிசி தர வேண்டும் என்ற கட்சியும் ஒரே மேடையில் நின்று வென்றன. வாக்காளனுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அரிசி. அகற்ற வேண்டியிருந்தது அன்றைய ஆட்சி.

அதன்பின் நடந்தது விரைவான இறக்கம். 1969இல் இந்திரா காந்தி 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கினார். 1971 தேர்தலில் வறுமையை ஒழிப்போம் என்று முழங்கினார். மன்னர்களும் ஜமீன்தார்களும் பெருவர்த்தகர்களும் சூழ நின்ற சுதந்திராக் கட்சியை ஏழை வாக்காளன் பணக்காரர் கட்சி என்றே கண்டான். ஆசனங்கள் 8ஆகக் குறைந்தன. 1972 டிசம்பர் 25ஆம் திகதி, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, ராஜாஜி காலமானார். 1974இல் கட்சி வேறு கட்சியோடு கலந்து மறைந்தது. எனினும் அவர் எதிர்த்த உரிம முறையைப் பெருமளவில் நீக்கியது, 1991இல் அதே காங்கிரஸ் கட்சியின் அரசாங்கம்தான்.

3. நம் நாட்டின் 1977

இனி நம் முற்றத்துக்கு வருவோம். 1970 தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியும் இரு இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்த ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. டட்லி சேனநாயக்க ஒரு கொத்தாகக் குறைத்திருந்த பங்கீட்டு அரிசியை மீண்டும் இரண்டு கொத்தாகத் தருவோம் என்பதே அதன் பெரிய வாக்குறுதி. சந்திரனிலிருந்தாயினும் கொண்டுவந்து தருவோம் என்ற பேச்சு இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது.

நடந்தது வேறு. 1971இல் கிளர்ச்சி. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஏறின. அந்நியச் செலாவணி இல்லை. அரசாங்கம் இறக்குமதியை மேலும் இறுக்கியது. பங்கீட்டு அரிசி குறைந்தது. மாவுக்கும் பங்கீடு வந்தது. ஒருவர் தம் வயலில் விளைந்த அரிசியைக்கூட ஊர்விட்டு ஊர் கொண்டு செல்ல முடியாதபடி வீதிகளில் தடைகள் போடப்பட்டுச் சோதனை நடந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் பட்டினி உயிர்களைக் கொண்டுபோனது. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையும் இருப்பிடமும் இழந்து வன்னிப் பக்கம் போனார்கள்.

உலக விலைகளுக்கு அரசாங்கம் பொறுப்பல்ல என்பது உண்மை. ஆனால் வரிசையில் நின்றவர்களைப் பசியைக் காட்டிலும் சுட்டது வேறொன்று. மந்திரியின் ஆளுக்கு வரிசை இல்லை. சங்கக் கடை முகாமையாளரின் உறவினருக்குப் பின்கதவு உண்டு. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் இல்லாமல் வேலை இல்லை. 1972 அரசியலமைப்பைக் காரணம் காட்டி, 1975இல் நடக்க வேண்டிய தேர்தலை 1977 வரை தள்ளிப்போட்டார்கள். 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகத் தரப்படுத்தலினால் தமிழ் இளைஞரின் உள்ளம் கொதித்தது.

1977 ஜூலை 21ஆம் திகதி தேர்தல் நடந்தது. 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. 1970இல் 91 ஆசனங்களைப் பெற்றிருந்த சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. இடதுசாரிக் கட்சிகள் இரண்டுக்கும் ஒன்றுகூட இல்லை. வடக்கு கிழக்கில் 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியானது.

ஆசனக் கணக்கை மட்டும் பார்த்தால் சுதந்திரக் கட்சியின் வாக்காளர் கூண்டோடு வெளியேறியதாகத் தோன்றும். வாக்குக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அக்கட்சியின் பங்கு சுமார் 37 வீதத்திலிருந்து சுமார் 30 வீதமாகக் குறைந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் பங்கு சுமார் 38 வீதத்திலிருந்து சுமார் 51 வீதமாகக் கூடியது. பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற அன்றைய முறையில் நூற்றுக்குச் சிலர் இடம் மாறியதே மலையைப் புரட்டிவிட்டது.

அவர்கள் சந்தைக் கொள்கைக்காகவா மாறினார்கள்? ஜே. ஆர். ஜயவர்தன அத்தேர்தலில் தர்மிஷ்ட சமுதாயம் அமைப்போம் என்றார். ஆளுக்கு வாரம் எட்டு இறாத்தல் தானியம் தருவோம் என்றும் சொன்னார். சந்தையைத் திறக்க வந்த கட்சியும் தானியத்தை வாக்களித்துத்தான் வென்றது என்பதை மறத்தலாகாது.

4. திறந்த கதவு, திறவாத கதவு

1977 நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. ரூபாயின் பெறுமதியை ஏறத்தாழ அரைவாசியாக்கியது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. வரிசைகள் மறைந்தன. கடைகளில் துணியும் வானொலிப் பெட்டியும் நிறைந்தன. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழ் வர்த்தகர்கள் தழைத்தார்கள். ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்குத் தைத்த ஆடைத் தொழிலில் வேலை கிடைத்தது. மத்திய கிழக்கிலிருந்து காசு வந்தது. கட்டுப்பாடு கொன்றிருந்த பல முயற்சிகளைச் சுதந்திரம் உயிர்ப்பித்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இழந்தவர்களும் இருந்தார்கள். இறக்குமதித் தடையின்போது வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு நிமிர்ந்த யாழ்ப்பாண விவசாயி, கப்பலில் வந்த மிளகாய்க்கு முன் விலை இழந்தான். கைத்தறி நெசவாளரின் தறிகள் ஓய்ந்தன. எல்லார்க்குமாயிருந்த பங்கீட்டு அரிசி 1978இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979இல் உணவு முத்திரையாக மாறியது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்க, சாமான் விலை ஏறிக்கொண்டே போனது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. நம்மை நேரே தொட்டது அதுவே. சந்தையில் கையைத் தளர்த்திய அரசு, அதிகாரத்தில் கையை இறுக்கியது. 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த பல்லாயிரம் ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். தேர்தலைத் தள்ளிப்போட்டதற்காக ஒரு கட்சியைத் தண்டித்த மக்கள், அடுத்த பொதுத்தேர்தலைக் கண்டது 1989இல்தான்.

தேர்தல் முடிந்து ஒரு மாதமாகுமுன், 1977 ஆகஸ்டில், தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. 1983 ஜூலையில் நடந்ததை நம் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறக்குமதி உரிமம் இல்லாமலே சாமான் நிரப்ப முடிந்த அதே கடைகள், புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் எரிந்தன. வாங்கவும் விற்கவும் சுதந்திரம் இருந்தது. உயிருக்கும் உடைமைக்கும் காவல் இல்லை. தனிமனித சுதந்திரக் கொள்கையின் முதலாவது பிரமாணமே உயிரையும் உடைமையையும் அரசு காக்க வேண்டும் என்பது. அந்த அளவுகோலாலேயே அளந்தாலும், அன்று நமக்குக் கிடைத்தது பாதிச் சுதந்திரத்திலும் குறைவானது.

5. ஆர்ஜென்டீனாவும் மீண்டும் நாமும்

அண்மைக் காலத்தில் இக்கொள்கையை வெளிப்படையாக அறிக்கையிட்டு ஒரு நாட்டையே வென்றவர் ஆர்ஜென்டீனாவின் ஹவியேர் மிலேய். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் பிறந்த நாடு அது. 1946இல் ஹுவான் பெரோன் ஜனாதிபதியானது முதல், தொழிலாளரின் கட்சி என்றால் பெரோனியக் கட்சி என்றே அங்கு பலர் நினைத்து வாழ்ந்தார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டில் அங்கு விலைவாசி 200 வீதத்துக்கும் மேலாக ஏறியது. அதாவது ஜனவரியில் 100க்கு வாங்கிய சாமான் டிசம்பரில் 300க்கும் மேல். சம்பளம் கையில் வந்த அன்றே கரைந்தது. அவ்வாண்டு நவம்பர் 19ஆம் திகதி, பெரோனியர்களின் நிதியமைச்சரை எதிர்த்து மிலேய் ஏறத்தாழ 56 வீத வாக்குகளால் வென்றார். செலவை வெட்டுவேன் என்பதற்கு அடையாளமாக மேடையில் மரம் வெட்டும் வாளைத் தூக்கிக் காட்டியவர் அவர். இளைஞரும் அன்றாடக் கூலிகளும் பெருமளவில் அவருக்கு வாக்களித்தார்கள்.

2023 டிசம்பரில் மாதத்துக்கு 25 வீதமாக இருந்த விலையேற்றம், 2024 டிசம்பரில் 3 வீதத்துக்கும் கீழ் வந்தது. இது பெரிய சாதனை. ஆனால் இடையில், 2024இன் முதல் அரையாண்டில், வறுமையில் வாழ்வோர் மக்கள்தொகையில் பாதிக்கு மேலானார்கள். இரண்டாம் அரையாண்டில் அது 38 வீதமாகக் குறைந்தது. நோய் தீர மருந்து கசக்கத்தான் செய்யும் என்பார் ஒருவர். கசப்பை முதலில் குடித்தவர் யார் என்று கேட்பார் மற்றவர். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே.

இப்போது நம் 2022ஐ அதனருகில் வைத்துப் பாருங்கள். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. கேட்க இனித்தது, திறைசேரி காலியானது. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை வந்தது, வயல் வாடியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அரசு அறிவித்தது. 2020இல் 145 ஆசனங்களைப் பெற்ற பொதுஜன பெரமுன, 2024 நவம்பரில் 3 ஆசனங்களுக்கு வந்தது. 2020இல் 3 ஆசனங்களோடு இருந்த தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் 6இல் 3 ஆசனங்களை வென்றது.

கட்டுப்பாட்டின் பெயரால் வந்த வரிசை மக்களைச் சந்தையின் பக்கம் தள்ளியது. வரிக்குறைப்பும் கடனும் தன்னிச்சையான கட்டளையும் சேர்ந்து உண்டாக்கிய வரிசை அவர்களை இடதுபக்கம் தள்ளியது.

6. ஏன் விலகுகிறார்கள்?

வேதாகமத்தில் முதலாம் அரசர் நூலின் 12ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். சாலமோன் இறந்தபின் மக்கள் அவர் மகன் ரெகபெயாமிடம் வந்து, நுகத்தை இலேசாக்கும்படி கேட்டார்கள். முதியோர் இணங்கும்படி சொன்னார்கள். அவன் தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் தாவீதின் வீட்டை விட்டு எரொபவாமிடம் போயின. கேட்டது நியாயம், விலகியதும் விளங்கக்கூடியதே. ஆனால் எரொபவாம் செய்தது என்ன? தன் ஆட்சியைக் காக்க இரண்டு பொற்கன்றுகளைச் செய்து வைத்தான்.

நாம் பார்த்த எல்லாத் தேர்தல்களிலும் இதே பாதை தெரிகிறது. முதலில், சுமை அன்றாட வாழ்வில், அடுப்படியில், உணரப்படுகிறது. அடுத்து, அச்சுமை எல்லார் தோளிலும் சமமாக இல்லை என்பது வெளிப்படுகிறது. மனிதன் பற்றாக்குறையைப் பொறுப்பான், பாரபட்சத்தைப் பொறுக்கமாட்டான். பின்னர் முறையிடும்போது ஆள்வோர் காது கொடுப்பதில்லை. கடைசியாக, எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் யாரோ அவரிடம் மக்கள் போகிறார்கள். அவர் சந்தை என்றால் சந்தை. சமத்துவம் என்றால் சமத்துவம். வாக்குச்சீட்டில் அவர்கள் எழுதியது, “இந்த நுகம் வேண்டாம்” என்பது மட்டுமே. வென்றவரோ அதைத் தம் கொள்கை முழுவதற்கும் கிடைத்த ஆணை என்று வாசித்துக்கொள்கிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

7. திருச்சபை காட்டும் வழி

இவ்விடயத்தில் திருச்சபை மௌனமாக இருக்கவில்லை. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில், உழைத்துச் சேர்த்த சொத்து மனிதனின் உரிமை என்றும், அதை அரசு விழுங்கிவிடலாகாது என்றும் போதித்தார். அதே மடலில் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்கப்பட வேண்டும் என்றும், சங்கம் சேர அவனுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். 2025இல் பொறுப்பேற்ற பாப்பரசர் 14ஆம் லியோ அதே பெயரைத் தெரிந்துகொண்டதன் காரணங்களுள் இம்மடலும் ஒன்று.

1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் ஒரு சிறந்த அளவுகோலைத் தந்தார். குடும்பமும் ஊரும் சங்கமும் தாமே செய்யக்கூடியதை அரசு பறித்துக்கொள்ளலாகாது; அவர்களால் முடியாதபோது அரசு துணைநிற்க வேண்டும். இதன் முதற்பாதி என்னவென்று நம் மூத்த தலைமுறைக்கு அனுபவத்தில் தெரியும். 1960லும் 1961லும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கிப் போராடினார்கள். ஆனால் அதே பெற்றோரின் பேரப்பிள்ளைகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்து, அரசு தந்த பாடநூலைப் படித்து வளர்ந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டாம் பாதியை நாம் மறக்க முடியாது.

1967இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர், சொத்துரிமை எல்லையற்றது அன்று. பிறர் அடிப்படைத் தேவைக்கு வாடும்போது ஒருவன் தேவைக்கு மிஞ்சியதைத் தனக்கென்றே வைத்துக்கொள்ள நியாயமில்லை என்றார். 1991இல் பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர், பல தேவைகளை நிறைவேற்றச் சந்தை சிறந்த கருவி என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் விலைக்கு வாங்க இயலாத, வாங்கவும் கூடாத மனிதத் தேவைகள் உண்டு என்றும் எச்சரித்தார். பொதுவுடைமை விழுந்துகொண்டிருந்த காலத்தில், அதை எதிர்த்து நின்ற ஒருவர் இப்படிச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே, அரசு எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற தகப்பனையும், அரசு ஒன்றும் செய்யலாகாது என்ற மகனையும் திருச்சபை ஒரே கேள்வியின் முன் நிறுத்துகிறது: இதனால் நம்மிடையே மிக எளியவன் நிமிர்வானா, விழுவானா?

8. வீட்டில் கலந்து பேச

அடுத்த தேர்தல் வருமுன் இக்கேள்விகளைக் குடும்பமாக இருந்து பேசிப் பாருங்கள்.

ஒன்று: நுகத்தை எடுப்பேன் என்பவர் யாருடைய கழுத்திலிருந்து எடுக்கிறார்? எடுத்த பாரத்தை வேறு யார் தோளில் வைக்கிறார்?

இரண்டு: மாற்றத்தின் முதல் ஆண்டில் விழப்போகிறவர்களைத் தாங்க அவரிடம் என்ன ஏற்பாடு உண்டு? அதற்குக் காசு எங்கிருந்து வரும்?

மூன்று: சந்தைக்குச் சுதந்திரம் தருபவர் பத்திரிகைக்கும் தொழிற்சங்கத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அதைத் தருவாரா? தேர்தலை உரிய காலத்தில் நடத்துவாரா?

நான்கு: எனக்குக் கிடைக்கும் சுதந்திரம், வேறு மொழி பேசும், வேறு மதத்தைச் சேர்ந்த என் அயலவனுக்கும் கிடைக்குமா? அவன் கடை பாதுகாப்பாக இல்லாவிட்டால் என் கடை எத்தனை நாள் பாதுகாப்பாக இருக்கும்?

கடைசியாக ஒன்று. 2022இன் வரிசைகளில் கைக்குழந்தையோடு வந்த தாயை முன்னால் விட்டவர்கள் இருந்தார்கள். எரிவாயு இல்லாத நாட்களில் விறகு மூட்டி, மாடிக் குடியிருப்பின் அடுத்த வீட்டுப் பானையையும் அதே அடுப்பில் ஏற்றிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். எந்த அரசாங்கமும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை; எந்தச் சந்தையும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. அடுத்த முறை வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு இடம் கொடுக்கும் ஆட்சி எது என்று தீர்மானித்து, அதன்பின் புள்ளடி இடுங்கள்.